இடியாப்ப அச்சிலிருந்து ஒரு கியர் ஆயில் புனல்

கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும் கியர் ஆயில் உண்டு. பின்சக்கரத்தை ஒட்டி ஒரு சின்ன உலோகப் பெட்டி, அதற்குள் சில பல்சக்கரங்கள், அவை நனைந்து சுழல 100 மில்லிக்குச் சற்றுக் கூடுதலான எண்ணெய். காலையில் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஷூ கம்பெனிகளின் வாசலில் வரிசையாக நிற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாவற்றிலும் இந்தப் பெட்டி இருக்கிறது. இன்ஜின் ஆயிலைக் கெடு தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். மறப்பதற்கு ஒரு காரணம், ஊற்றும் துளை இருக்கும் இடம். சக்கரத்தை ஒட்டிய இடுக்கில், பக்கவாட்டில், விரல்நுனி அளவே உள்ள துளை அது. பாட்டிலைச் சாய்த்தால் பாதி உள்ளே போகும், பாதி டயரில் வழியும்.

காரில் சங்கடம் இன்னும் பெரிது. கைகியர் காரின் கியர் பாக்ஸில் ஆயில் ஊற்றும் துளை பெரும்பாலும் பெட்டியின் பக்கச் சுவரில் இருக்கும். அந்தத் துளையின் கீழ் விளிம்புதான் அளவுகோல். ஆயில் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கினால் போதுமான அளவு வந்துவிட்டது என்று பொருள். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் துளைக்கு முன்னால் ஒரு சாண் இடம்கூட இருக்காது, பாட்டில் நிமிர்ந்தோ சாய்ந்தோ அங்கே நிற்காது. ஒர்க்‌ஷாப்பில் இதற்குக் கைபம்பு வைத்திருப்பார்கள். வீட்டில் செய்கிறவருக்கு வேண்டியது மூன்றே பொருள்கள்: மேலே பானட்டுக்குள் நிற்கும் ஒரு புனல், அதிலிருந்து இறங்கும் ட்யூப், ட்யூபின் நுனியைத் துளைக்குள் வளைத்துப் பிடிக்கும் ஒரு கொக்கி. பழைய ஆயில் இறங்கும்போது குறுக்குச் சட்டத்தில் அடித்துச் சிதறாமல் இருக்க ஒரு சறுக்குத் தகடு இருந்தால் இன்னும் நல்லது. ட்யூபைத் தவிர மற்ற எல்லாவற்றையும் 3டி பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம். காட்பாடி விடுதி அறை ஒன்றில் பொறியியல் மாணவர் வைத்திருக்கும் சின்ன இயந்திரமே இதற்குப் போதும்.

அந்த இயந்திரம் செய்வது என்ன? இடியாப்பம் பிழிவதுதான். அச்சில் மாவு, அடியில் துளைத்தட்டு, மேலிருந்து அழுத்தம், கீழே இழை. இங்கே மாவுக்குப் பதில் 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் கம்பி, அதற்கு ஃபிலமென்ட் என்று பெயர். துளைத்தட்டுக்குப் பதில் 0.4 மில்லிமீட்டர் துளையுள்ள ஒற்றைப் பித்தளை முனை. முனை 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். பல்சக்கரம் ஒன்று கம்பியை உள்ளே தள்ள, உருகிய பிளாஸ்டிக் இழையாக வெளியே வரும். இட்லித்தட்டின் மேல் கையைச் சுற்றிச் சுற்றி இழையைப் போடுகிறோம் அல்லவா, அந்தச் சுற்றலைத்தான் இங்கே மோட்டார்கள் கணினி சொன்ன பாதையில் செய்கின்றன. ஒரு சுற்று முடிந்ததும் முனை 0.2 மில்லிமீட்டர் மேலே ஏறி அடுத்த சுற்றைப் போடும். 15 சென்டிமீட்டர் உயரப் புனல் ஒன்றுக்கு இப்படி 750 அடுக்குகள்.

இந்த முறை சமையலறையிலேயே பிறந்தது. 1980களின் இறுதியில் ஸ்காட் க்ரம்ப் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் மகளுக்குத் தவளைப் பொம்மை செய்ய, பசைத் துப்பாக்கியில் பாலிஎத்திலீனையும் மெழுகையும் கலந்து அடுக்கடுக்காகப் பிழிந்து பார்த்தார். 1989இல் ஸ்ட்ராட்டஸிஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியான பிறகுதான் பிரிண்டர் விலை சாதாரண மக்கள் வாங்கும் நிலைக்கு இறங்கியது. ஷூ கம்பெனியில் மேல்தோலை அச்சின் மேல் இழுத்து ஒட்டும் லாஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்குச் சூட்டில் உருகி ஆறினால் இறுகும் பசை அன்றாடப் பொருள். அதே பசைத் துப்பாக்கிக்குக் கணினி வழிகாட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பிழியும் பொருள் பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2021 ஏப்ரலில் சென்னை ஐஐடி வளாகத்தில் த்வஸ்டா நிறுவனம் கான்கிரீட்டைப் பிழிந்து 600 சதுர அடியில் ஒரு வீட்டையே எழுப்பிக் காட்டியது.

இழை அடுக்கு என்பதை மனதில் இருத்திக்கொண்டால் புனல் எங்கே உடையும், எங்கே ஒழுகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வெந்த இடியாப்பத்தில் ஒரு இழையை அதன் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், ஓரளவு தாங்கும். மேல் சுற்றைக் கீழ்ச் சுற்றிலிருந்து உரித்தால் சுலபமாகக் கழன்று வரும். பிரிண்டர் போட்ட பொருளும் அப்படித்தான். இழையின் போக்கில் வலு, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பலவீனம். புனலின் அடியில் ட்யூப் மாட்டும் முனையைச் செங்குத்தாக நிறுத்தி அச்சிட்டால், ட்யூபைப் பக்கவாட்டில் அசைத்து ஏற்றும்போது அது அடுக்கு பிரிந்து படக்கென்று முறியும். படுக்க வைத்தோ 45 டிகிரி சாய்த்தோ அச்சிட்டால் இழைகள் முனையின் நீளவாக்கிலோ சாய்வாகவோ ஓடும், எளிதில் முறியாது. தோல் வெட்டுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். தோல் எந்தத் திசையில் இழுபடும் என்று பார்த்துத்தான் அவர் பேட்டர்னை வைப்பார்.

அடுக்குகள் நன்றாக ஒட்டுவதற்குச் சூடும் ஈரமும் சரியாக இருக்க வேண்டும். இடியாப்பத்துக்கு மாவு ஆறிவிட்டால் பிழிய முடியாது, பிழிந்தாலும் இழை அறுந்து அறுந்து விழும். தண்ணீர் கூடினால் இழைகள் கூழாகிக் கலந்துவிடும். முனையின் சூடு குறைந்தால் இங்கும் இழை அறுபடும், அடுக்கு ஒட்டாது. ஃபிலமென்டில் ஈரம் ஏறியிருந்தால் அந்த நீர் முனைக்குள் ஆவியாகிப் பொரியும், இழை முழுக்கக் குமிழியும் ஓட்டையுமாக வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து கிடந்த ஃபிலமென்ட் சுருளை அப்படியே மாட்டக் கூடாது. பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக் வகையானால் 65 டிகிரி சூட்டில் நான்கைந்து மணி நேரம் உலர்த்திவிட்டு மாட்டுங்கள். ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். இடியாப்பத்தைப் பிழிந்த பிறகு ஆவியில் வேக வைக்கிறோம், இழைகள் அப்போதுதான் ஒட்டுகின்றன. பிரிண்டரில் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. புதிய இழை தன் சூட்டால் கீழ் இழையின் மேற்பரப்பை இளக்கி, விழும் கணத்திலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒழுகலுக்கு வருவோம். புனலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் ஓட்டையே தெரியாது. தண்ணீர் ஊற்றினாலும் நிற்கும். ஆயில் ஊற்றி ஒரு இரவு விட்டால் வெளிப்பக்கம் பிசுபிசுக்கும். ஆயில் பிளாஸ்டிக்கில் படர்ந்து ஒட்டும் தன்மையுள்ளது, முத்தாகத் திரண்டு நிற்கும் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் அது மெல்ல ஊறிப் பரவும். அச்சிடும் மென்பொருள் வழக்கமாகச் சுவருக்கு இரண்டே சுற்று இழைகள் போட்டு நடுவில் வலைபோல நிரப்பும். பொம்மைக்கு அது போதும், புனலுக்குப் போதாது. சுவருக்கு நான்கு சுற்றுகள் வையுங்கள். பிரிண்டர் முனையின் சூட்டை ஐந்து டிகிரி கூட்டுங்கள், குளிர்விக்கும் விசிறியின் வேகத்தைக் குறையுங்கள். அச்சிட்டதும் அடித்துளையை அடைத்து, மிச்சமிருக்கும் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, பழைய செய்தித்தாளின் மேல் ஒரு இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் தாளில் கறை இல்லையென்றால் புனல் தயார்.

எந்த பிளாஸ்டிக் என்பதில் நம் ஊர் வெயிலுக்கும் பங்கு உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். கத்திரி வெயிலில் வேலூரில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தப் புனலை டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனால் கோணிக்கொண்டு கிடக்கும். ஓடி வந்த வண்டியின் கியர் ஆயிலும் அந்தச் சூட்டைத் தாண்டக்கூடியதே. பெட்ஜி ஏறத்தாழ 80 டிகிரி வரை தாங்கும், ஆயிலுக்கும் அசையாது. ஏபிஎஸ் 100 டிகிரியைத் தாங்கும், ஆனால் அச்சிடும்போது மூலைகள் தூக்கிக்கொள்ளும், புகையும் நல்லதல்ல. என் பரிந்துரை பெட்ஜிதான். தோல் ஷாப்பில், குரோமியத்தால் பதனிட்ட ஈரத்தோலான வெட் ப்ளூவிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். சுருங்கினால் குரோமியம் உள்ளே போதுமான அளவு ஏறவில்லை. பிரிண்டருக்கும் இதே சோதனையைச் செய்யலாம். தீக்குச்சி அளவில் ஒரு பட்டை அச்சிட்டு, 70 டிகிரி வெந்நீரில் சற்று நேரம் போட்டு, எடுத்த சூட்டோடு வளைத்துப் பாருங்கள். விறைப்பாக நின்றால் அந்தச் சுருளை நம்பலாம்.

துளையின் வாயில் இறுக்கமாகப் பொருந்தும் மிருதுவான வளையம் தேவைப்பட்டால் டிபியு ஃபிலமென்ட் இருக்கிறது. ஷூ சோலுக்குப் பயன்படும் அதே குடும்பத்துப் பொருள். கம்பெனிகளில் சோலின் கடினத்தை ஷோர் ஏ அளவில் பார்க்கிறார்கள், வழக்கமான சோல் 60, 70 என்று காட்டும். கடையில் கிடைக்கும் டிபியு ஃபிலமென்ட் பெரும்பாலும் 95. அதனால் வளையத்தை மெல்லியதாகப் போட்டால்தான் மடிந்து கொடுக்கும்.

ஆயிலைத் தடுக்கும் வளையம் என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது, இந்தத் தோல் சீமைக்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வரலாறு. கியர் பாக்ஸிலிருந்து சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையத்தை ஆயில் சீல் என்கிறோம். தொடக்க காலத்தில் அது தோலால் ஆனது. ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரில் 1849இல் தோல் பதனிடத் தொடங்கிய ஃப்ராய்டன்பர்க் குடும்ப நிறுவனம், 1929இல் தோல் சீல் செய்ய ஆரம்பித்தது. வண்டிகளின் வேகமும் சூடும் கூடக் கூட, 1930களிலேயே சீலின் உதடு செயற்கை ரப்பருக்கு மாறியது. இன்று அந்த நிறுவனம் உலகின் பெரிய சீல் உற்பத்தியாளர்களில் ஒன்று. ஒரு தோல் பதனிடும் ஆலையின் கைத்திறன் உலகத்து கியர் பாக்ஸ்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாலாற்றங்கரைத் தொழிலாளர்களின் கைகளிலும் அந்த நுட்பம் இருக்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இனி ட்யூப். கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒல்லியான லெவல் டியூபை வாங்கி மாட்டிவிட்டு, ஆயில் இறங்கவே இல்லை என்று சலித்துக்கொள்வது வழக்கம். கெட்டியான திரவம் குழாயில் நொடிக்கு எவ்வளவு ஓடும் என்பது உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகும். புனல் 60 சென்டிமீட்டர் உயரத்தில், ட்யூப் ஒரு மீட்டர் நீளம், ஊற்றுவது 80டபிள்யூ-90 கியர் ஆயில், அன்றைய வெப்பம் 30 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்விட்டம் 8 மில்லிமீட்டரானால் இரண்டு லிட்டர் இறங்கச் சுமார் 13 நிமிடம். 12 மில்லிமீட்டரானால் இரண்டரை நிமிடம். 4 மில்லிமீட்டரானால் மூன்றரை மணி நேரம். ட்யூபுக்குள் நுழையும் முனை மட்டும் ஒல்லியாக இருந்தால் பயப்பட வேண்டாம். 8 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 3 சென்டிமீட்டர் நீள முனை என்பது 12 மில்லிமீட்டர் ட்யூபில் 15 சென்டிமீட்டரைக் கூட்டியதற்குத்தான் சமம். ஆகவே முனையின் சுவரைத் தாராளமாகத் தடிக்க விடுங்கள், நீளத்தை மட்டும் குறையுங்கள். மூடிய பாட்டிலைச் சிறிது நேரம் வெந்நீர் வாளியில் நிறுத்தினால் ஆயில் இன்னும் இளகும். 50 டிகிரிக்கு வந்தாலே ஓட்டம் இரண்டு மடங்குக்கு மேல்.

உள்ளே ஆயில் போனால் உள்ளிருக்கும் காற்று வெளியே வர வேண்டும். ஸ்கூட்டரின் சின்னத் துளையை முனை முழுக்க அடைத்துக்கொண்டால் காற்று ஆயிலுக்குள்ளேயே குமிழியாக ஏறும், புனல் கொப்பளிக்கும். முனையின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு மூன்று பள்ளக்கோடுகள் விட்டு வரைந்தால் காற்று அந்த வழியே போய்விடும். அச்சிடுவதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. உங்கள் வண்டியின் துளைக்கு, உங்கள் வண்டியின் இடுக்குக்கு ஏற்ற வளைவைக் கடையில் யாரும் விற்க மாட்டார்கள். வெர்னியர் காலிப்பரால் துளையை அளந்து, அதற்கு அரை மில்லிமீட்டர் குறைவாக முனையை வரைந்துகொள்ளலாம். முனையைப் பாட்டிலிலேயே பொருத்தி ஊற்ற நினைத்தால், மூடியின் மரையை மட்டும் அச்சிட முயல வேண்டாம். பழைய மூடியிலேயே துளை போட்டு, அச்சிட்ட முனையை உள்ளிருந்து செருகுவது எளிது, ஒழுகலும் குறைவு.

அச்சிடக் கூடாதவற்றையும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட பொருளின் வேலை ஆயிலுக்கு வழிகாட்டுவது, அவ்வளவே. டிரெய்ன் போல்ட்டை அச்சிடாதீர்கள். போல்ட்டின் வாஷரை அச்சிடாதீர்கள், அலுமினியத்திலோ செம்பிலோ புதிதாக வாங்கிப் போடுங்கள். வண்டியைத் தாங்கும் கட்டை, ஜாக்கியின் தலைக்கு அண்டக்கொடுக்கும் துண்டு எதையும் அச்சிடவே கூடாது. அடுக்கு பிரிந்தால் அடியில் படுத்திருப்பவரின் உயிர் போகும். வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது, இரும்பு ஸ்டாண்டு வேண்டும்.

அச்சிட்டவற்றைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, உட்பக்கம் தொங்கும் மெல்லிய நூல்களை வெட்டி, துணியால் துடைத்த பிறகே வண்டிக்கு அருகில் கொண்டு போக வேண்டும். கியர் பாக்ஸுக்குள் போகும் பிளாஸ்டிக் துணுக்கு திரும்பி வராது.

வேலையைத் தொடங்கும்போது முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றுங்கள். அது கழன்ற பிறகே அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டைத் தொட வேண்டும். பழைய ஆயிலை இறக்கிவிட்ட பின் மேல் போல்ட் துருப்பிடித்துக் கழல மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியை எங்கும் ஓட்டிப் போக முடியாது. வண்டி மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கி அளந்தால் அளவு பொய் சொல்லும். ஸ்கூட்டர் நடு ஸ்டாண்டில் நின்றால் சரி. காரின் டிரெய்ன் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் படிந்ததைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் உலோகச் சில்லு தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். புதிய ஆயிலின் தரத்தை வண்டியின் கையேட்டிலிருந்து எடுங்கள். ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸுக்கு, உயர்ந்ததுதானே என்று ஜிஎல்-5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரனைசர்களை அரிக்கக்கூடும். ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் அளவு பார்ப்பதே இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போதுதான். அந்த வெப்பத்தைப் படிக்கும் கருவி இல்லாதவர் அதை ஒர்க்‌ஷாப்பில் விடுவதே நல்லது.

பழைய ஆயிலைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனம் வராது. சறுக்குத் தகட்டை அச்சிடச் சொன்னதே அது மண்ணில் சிதறாமல் இருக்கத்தான். தோல் ஷாப் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதும், வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் இந்தப் பகுதியில் ஒரு தலைமுறையின் வாழ்க்கைக் கதை. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. அந்த மண்ணில் நாமும் ஒரு லிட்டர் கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும், கரையானுக்கு மரத்தில் பூசவும் வேஸ்ட் ஆயிலைக் கேட்டு வாங்கிப் போவது நம் ஊர் வழக்கம். மழையில் அது மண்ணில்தான் இறங்கும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. அதைத் திரும்பப் பெற்று மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர்கள் மேலும் இருக்கிறது.

இறங்கிய ஆயிலைப் புதிய ஆயில் வந்த கேனிலேயே அந்தப் புனலால் ஊற்றி மூடுங்கள். கூலன்ட், பிரேக் ஆயில், மண்ணெண்ணெய் எதையும் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுத்திகரிப்பு செய்வது கடினம். சேர்ந்த கேன்களை, பழைய ஆயிலைப் பேரலில் சேர்த்து அங்கீகாரம் பெற்றவருக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படையுங்கள். புனல்கள் இரண்டு அச்சிட்டுக்கொள்வது உத்தமம். பழைய ஆயிலுக்குக் கறுப்பு ஃபிலமென்டில் ஒன்று, புதியதற்கு வெள்ளையில் ஒன்று. வெள்ளையில் ஒட்டிய தூசி கண்ணில் படும்.